முனை பொருந்தினால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேரவைத் தோழர்கள் வகுப்பு வகுப்பாக வந்தபோது கவிதை எழுதுகிறவர்கள்தான் முதலில் கை தூக்கினார்கள். எனக்குக் கவிதை வராது. "உனக்குத்தான் அந்த அடாப்டர் கதை இருக்கே, அதை எழுதுடீ" என்று பக்கத்து பெஞ்சுத் தோழி என்னை மாட்டிவிட்டாள். கதை என்னுடையதுதான். ஆனால் அதற்குள் இருக்கும் விஷயம் நம் எல்லோருக்கும், முக்கியமாகப் பழைய சாமான் வாங்கிப் படிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, என்றாவது ஒரு நாள் தேவைப்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

சென்ற நவம்பரில் குமாரபாளையம் பஸ்ஸில் மேல் தட்டில் வைத்திருந்த என் பை ஒரு வேகத்தடையில் கீழே விழுந்தது. உள்ளே லேப்டாப். புதியது அல்ல, ரூ.11,000-க்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட். அந்தப் பணத்துக்கு அப்பா தறிப்பட்டறை முதலாளியிடம் முன்பணம் வாங்கி, வாரக் கூலியில் இன்னும் பிடித்தம் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், திரையில் இடது பக்கம் கால் பங்கு மட்டும் தெரிகிறது. மீதி முழுக்க மை கொட்டியதுபோல் கறுப்பு. திரை மாற்ற ரூ.4,800 ஆகும் என்றார்கள். ப்ராஜெக்ட் இரண்டாவது ரிவ்யூவுக்கு 12 நாள்தான் இருந்தது. நிரல், ரிப்போர்ட், சுற்றுப்படம் எல்லாம் அதற்குள். உள்ளே ஒன்றும் கெடவில்லை, கண்தான் போய்விட்டது.

லேப்டாப்பின் பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. துவாரம் இருந்தது. வெளியே ஏதாவது ஒரு திரையை மாட்டினால் போதும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே திரை, 2006-ல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது, இன்னும் ஓடுகிறது. அதன் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. துவாரங்கள் உண்டு. வகுப்புத் தோழன் ஒருவனிடம் எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சின்னப் பெட்டி இருந்தது. இரவல் வாங்கி மாட்டினேன். படம் வந்தது! அம்மா கைதட்டினார். ஆனால் நிரலைத் திறந்தால் ஓர் எழுத்தும் படிக்க முடியவில்லை, எறும்பு வரிசைபோல ஊர்ந்தது.

காரணம் எளிது. நம் ஊர்ப் பழைய டி.வி. முறையான பால் என்பதில் ஒரு படத்துக்கு 625 வரிகள், அதில் படம் தெரிவது 576. அதையும் ஒரே மூச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒருமுறை, இரட்டைப்படை வரிகளை மறுமுறை என்று வரைகிறது. போதாததற்கு வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் அந்த ஒரே மஞ்சள் கம்பியில் கலந்து அனுப்புகிறது. சினிமா பார்க்க அது தாராளம். முகம் தெரிந்தால் போதுமே. ஒரு புள்ளி மாறினாலும் கமாவா முற்றுப்புள்ளியா என்று தெரியாமல் போகிற நிரலுக்கு அது ஆகாது. ஆகவே நண்பர்களே, டி.வி.யில் ஏ.வி. மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைப் பாட்டுக் கேட்க, படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எங்கள் ஊரில் மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரில் மானிட்டர்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். 17 அங்குல எல்.சி.டி., ரூ.800. பின்னால் வி.ஜி.ஏ. துவாரம் மட்டும், நீலநிற முனை, மூன்று வரிசையில் 15 ஊசிகள். வாங்கிவிட்டேன். பிறகு ஈரோட்டில் ஒரு கடையில் போய் "எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு வேணுங்க" என்று கேட்டேன். ஒரு பக்கம் எச்.டி.எம்.ஐ. முனை, மறு பக்கம் வி.ஜி.ஏ. முனை, நடுவில் ஒன்றரை மீட்டர் கருப்புக் கேபிள். ரூ.320. "வேலை செய்யுங்களா?" என்றேன். "இந்தப் பக்கம் லேப்டாப்புல பொருந்துது, அந்தப் பக்கம் மானிட்டர்ல பொருந்துது. அப்புறம் என்ன அம்மணி?" என்றார்.

வீட்டில் மாட்டினேன். "நோ சிக்னல்" என்று ஒரு சின்னக் கட்டம் மிதந்தது. கழற்றி மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். விடிய விடிய நோ சிக்னல். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "மூணு வருசமா இதைத்தானே அம்மணி படிக்கிறே?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். கரண்டு சம்பந்தமாக எது கெட்டாலும் தெருவே என்னைத்தான் கேட்கும். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. மறுநாள் கடைக்குப் போனால், விற்ற பொருளைத் திரும்பப் பெற மாட்டோம் என்ற அட்டையைக் காட்டினார்கள்.

கல்லூரியில் லேப் உதவியாளர் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் விளக்கவில்லை. மல்ட்டிமீட்டரை எடுத்துக் கொடுத்து, "நீயே பார்த்துக்கோ" என்றார். பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து, ஒரு முனையில் தையல் ஊசியைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு (எச்.டி.எம்.ஐ.யின் ஊசிகள் அவ்வளவு சிறியவை) ஒவ்வொன்றாகத் தொட்டேன். வி.ஜி.ஏ.யின் முதல் ஊசி, அதாவது சிவப்பு நிறத்துக்கான ஊசி, எச்.டி.எம்.ஐ.யின் ஓர் ஊசியோடு நேராக பீப் அடித்தது. இரண்டாவது, பச்சை, அதுவும் பீப். மூன்றாவது, நீலம், பீப். கேபிளுக்குள் ஒன்றுமே இல்லை, வெறும் கம்பி! இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எர்த் ஊசிகள் எந்த அடாப்டரிலும் பீப் அடிக்கலாம், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. சிவப்பு, பச்சை, நீலம் என்ற 1, 2, 3 ஊசிகளைத்தான் பார்க்க வேண்டும்.

வெறும் கம்பியாக இருந்தால் என்ன தப்பு? இங்கேதான் பாடம் இருக்கிறது.

வி.ஜி.ஏ. என்பது 1987-ல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்.2 கணினிகளோடு கொண்டுவந்தது. அன்று மானிட்டர் என்றால் படக்குழாய். எலக்ட்ரான் கதிர் ஒன்று இடமிருந்து வலமாக ஒரு வரி வரையும், சட்டென்று இடப்பக்கம் திரும்பும், அடுத்த வரி வரையும். கதிர் எவ்வளவு பலமோ அவ்வளவு வெளிச்சம். ஆகவே குழாய்க்குத் தேவை எண் அல்ல, வோல்ட்டேஜ். வி.ஜி.ஏ. கேபிளில் மூன்று நிறத்துக்கும் மூன்று கம்பிகள். ஒவ்வொன்றிலும் 0 வோல்ட் என்றால் இருட்டு, 0.7 வோல்ட் என்றால் முழு வெளிச்சம், நடுவில் உள்ளது நடுவாந்தரம். 13-ஆம் ஊசியில் "வரி முடிந்தது, திரும்பு" என்ற துடிப்பு. 14-ஆம் ஊசியில் "பக்கம் முடிந்தது, மேலே போ" என்ற துடிப்பு. அவ்வளவுதான் வி.ஜி.ஏ.

இதை நான் அப்பாவுக்குத் தறியை வைத்துத்தான் சொன்னேன். திரை ஒரு துணி. ஒவ்வொரு வரியும் ஓர் ஊடை. நாடா ஓடுவதுபோலக் கதிர் ஓடுகிறது. நாடாவை அடித்துவிடும் கட்டைதான் 13-ஆம் ஊசி. ஒரு துண்டு முடிந்து அடுத்த துண்டு தொடங்குவது 14-ஆம் ஊசி. அப்பா யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "நாடா போறப்பவும் ஊடை போடும், வர்றப்பவும் போடுமே. இது வர்றப்ப சும்மாவா வருது?" ஆமாம் அப்பா, சும்மாதான் வருகிறது. என் உவமை அங்கே அறுந்துவிட்டது. ஆனால் அந்தச் சும்மா வருகிற நேரத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் 17 அங்குல மானிட்டர் 1280 புள்ளி அகலம், 1024 வரி உயரம். சும்மா திரும்பும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 1688 புள்ளி நேரம், 1066 வரி. நொடிக்கு 60 பக்கம். பெருக்கிப் பாருங்கள், நொடிக்குச் சுமார் 10.8 கோடி புள்ளி. அதாவது 108 மெகாஹெர்ட்ஸ். வரிக் கணக்கில் நொடிக்குச் சுமார் 64,000 ஊடை. எங்கள் பட்டறைத் தறி நிமிடத்துக்கு 120, 130 ஊடை போடும். இதைச் சொன்னதும் அப்பா சிரித்தேவிட்டார்.

எச்.டி.எம்.ஐ. வேறு ஜாதி. முதல் பதிப்பு 2002 டிசம்பரில் வந்தது. 19 ஊசிகள். இதில் வோல்ட்டேஜ் அளவு வெளிச்சத்தைச் சொல்வதில்லை. ஒவ்வொரு நிறத்தின் அளவும் 0 முதல் 255 வரை ஓர் எண், எட்டு பிட். அந்த எட்டைப் பத்து பிட்டாக மாற்றி, இரட்டைக் கம்பியில் அனுப்புகிறது. நிறத்துக்கு ஒரு ஜோடி என மூன்று ஜோடி, கடிகாரத் துடிப்புக்கு ஒரு ஜோடி. இரண்டு கம்பிக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் செய்தி. என் மானிட்டர் கணக்கில் 10.8 கோடி புள்ளி, புள்ளிக்குப் பத்து பிட், ஆக ஒரு ஜோடியில் நொடிக்கு 108 கோடி பிட்.

இப்போது அந்த ரூ.320 கேபிள் செய்ததைப் பாருங்கள். நொடிக்கு 108 கோடி தடவை ஒன்று பூஜ்யம் என்று துடிக்கிற ஜோடியில் ஒரு கம்பியைப் பிடித்து, "எவ்வளவு சிவப்பு?" என்று வோல்ட்டேஜ் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் ஊசியில் சொருகியிருக்கிறது. திரும்பு, மேலே போ என்று சொல்லும் துடிப்புக் கம்பிகள் எச்.டி.எம்.ஐ.யில் தனியாக இல்லவே இல்லை. அவையும் அந்த பிட்டுகளுக்குள்ளேயே குறியீடாகக் கலந்திருக்கின்றன. மானிட்டருக்கு என்ன தெரியும்? துடிப்பு வரவில்லை, ஆகவே நோ சிக்னல். அது சொன்னது சத்தியம்.

அப்படியானால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து பிட்டுகளைப் பிரித்து, எண்ணாக்கி, எண்ணை வோல்ட்டேஜாக்க வேண்டும். அந்த ஒருவர்தான் டி.ஏ.சி. நாம் நான்காம் செமஸ்டரில் ஆர்-2ஆர் ஏணி போட்டு மார்க் வாங்கினோமே, அதே டி.ஏ.சி.தான். நான் அதை எழுதி 14 மார்க் வாங்கியவள், கடையில் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை. 0.7 வோல்ட்டை 255 படியாகப் பிரித்தால் படிக்குச் சுமார் 2.7 மில்லிவோல்ட். ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 9 நானோ நொடி. அந்த நேரத்துக்குள் மூன்று நிறத்துக்கும் சரியான படியில் ஏறி நிற்க வேண்டும். இத்தனையும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு சில்லு செய்துவிடுகிறது.

கடைக்காரர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று அப்போது நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அவர் மனதில் ஓடியது என்னவென்று ஊகிக்க முடிகிறது. நடுவில் டி.வி.ஐ. என்று ஒரு முனை உண்டு, 1999-ல் வந்தது. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து டி.வி.ஐ.க்கு வெறும் கம்பி போதும், நன்றாக வேலை செய்யும். டி.வி.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு ஒரு சின்ன வெள்ளைக் கட்டை போதும், அதற்குள்ளும் வெறும் கம்பிதான், அதுவும் வேலை செய்யும். இதுவும் ஆகிறது, அதுவும் ஆகிறது, ஆகவே எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கும் வெறும் கம்பி ஆகும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஆகாது. ஏன்? டி.வி.ஐ.யில் இரண்டு பேர் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். டி.வி.ஐ.-ஐ என்ற வகையில், எண்களைக் கொண்டுபோகும் ஊசிகள் ஒரு பக்கம், தட்டையான ஒரு தகட்டைச் சுற்றி வோல்ட்டேஜ் கொண்டுபோகும் நான்கு ஊசிகள் மறு பக்கம். எச்.டி.எம்.ஐ. கேபிள் முதலாமவரோடு பேசுகிறது. வெள்ளைக் கட்டை இரண்டாமவரோடு பேசுகிறது. வாசல் ஒன்று, ஆள் வேறு. டி.வி.ஐ.-டி என்ற வகையில் அந்த நான்கு ஊசி கிடையாது, அதில் வெள்ளைக் கட்டை மாட்டவே மாட்டாது.

இதிலிருந்து ஒரு லாபமும் உண்டு. பழைய மானிட்டர் வாங்கும்போது முதலில் பின்னால் திருப்பிப் பாருங்கள். வி.ஜி.ஏ.யோடு வெள்ளைநிற டி.வி.ஐ. துவாரமும் இருந்தால் அதையே வாங்குங்கள். டி.ஏ.சி. தேவையில்லை, வெறும் கேபிள் போதும், எழுத்தும் கூர்மையாக இருக்கும். என் மானிட்டரில் அது இல்லை.

இரண்டாவது முறை வாங்கிய அடாப்டர் ரூ.390. அந்தப் பணம் அம்மா தார் சுற்றிய கூலி. இந்தத் தடவை மல்ட்டிமீட்டரோடு வாங்கப் போக முடியாதுதான், ஆனால் பார்க்கத் தெரிந்தது. எச்.டி.எம்.ஐ. முனைக்கும் வி.ஜி.ஏ. முனைக்கும் நடுவே சில்லு உட்காரும் அளவுக்குத் தடித்த உடல், பக்கத்தில் 3.5 மி.மீ. ஒலித் துவாரம், இன்னொரு பக்கம் மைக்ரோ யு.எஸ்.பி. துவாரம். உள்ளே வேலை நடக்கிறது என்பதற்கு இவை அடையாளம். அட்டையில் "ஆக்டிவ்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பவில்லை. திருப்பிக் கொடுக்கலாமா என்று பில் போடும் முன்பே கேட்டுக்கொண்டேன்.

மாட்டியதும் திரை ஒளிர்ந்தது. ஆனால் படம் அல்ல. "அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று கட்டம் மிதந்தது. அழுகையே வந்துவிட்டது. பிறகு யோசித்தேன். முன்பு நோ சிக்னல், இப்போது எல்லைக்கு வெளியே. அப்படியென்றால் சிக்னல் வருகிறது! மானிட்டருக்குத் தாங்காத அளவில் வருகிறது.

லேப்டாப்புக்கு மானிட்டரின் அளவு எப்படித் தெரியும்? மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகம் இருக்கிறது. அதில் 128 பைட்டில் தன் ஜாதகத்தை எழுதி வைத்திருக்கும்: யார் செய்தது, எந்த வருடம், எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ் தாங்கும். இதற்கு ஈ.டி.ஐ.டி. என்று பெயர். வி.ஜி.ஏ.யில் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாக இது படிக்கப்படுகிறது. நாம் லேப்பில் செய்த ஐ-ஸ்கொயர்-சி தொடர்புதான். இந்த ஜாதகம் கிடைக்காவிட்டால், சில அடாப்டர்கள் தாமாகவே 1920-க்கு 1080 என்று ஒரு ஜாதகத்தை லேப்டாப்பிடம் நீட்டிவிடும். லேப்டாப்பும் நம்பி 148.5 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும். பாவம் 17 அங்குலம் என்ன செய்யும்?

பிரவுசிங் சென்டரில் மானிட்டரோடு கொடுத்த வி.ஜி.ஏ. கேபிளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். கீழ் வரிசையில் கடைசி ஊசி, 15-ஆவது, படுத்துக் கிடந்தது. (9-ஆம் ஊசி இல்லாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், நிறைய கேபிள்களில் அதை வைப்பதே இல்லை.) சாமணத்தால் மெதுவாக நிமிர்த்தினேன். அவசரப்பட்டால் முறிந்துவிடும், முறிந்தால் கேபிளே போச்சு. மறுபடி மாட்டி, விண்டோஸ் சாவியையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். 1280-க்கு 1024. என் ரிப்போர்ட் முழுதாக, ஓரம் வரைக்கும் தெரிந்தது.

எழுத்தின் ஓரம் மட்டும் கொஞ்சம் கசங்கினாற்போல் இருந்தது. இது வி.ஜி.ஏ.யோடு எல்.சி.டி. சேர்ந்தால் வரும் குறை. படக்குழாய்க்குத்தான் வோல்ட்டேஜ் வேண்டும். எல்.சி.டி.க்கு எண்தான் வேண்டும். ஆக என் லேப்டாப் எண் அனுப்ப, அடாப்டர் அதை வோல்ட்டேஜாக்க, மானிட்டர் அதை மறுபடியும் எண்ணாக்குகிறது. அப்படி எண்ணாக்கும்போது ஒவ்வொரு புள்ளியின் நடு நேரத்தில் அளக்க வேண்டும். ஓரத்தில் அளந்தால் பக்கத்துப் புள்ளியின் நிறமும் கலந்து வரும். மானிட்டரின் முன்னால் "ஆட்டோ" என்று ஒரு பொத்தான் இருப்பது இதற்காகத்தான். திரை முழுக்க எழுத்தோ வெள்ளைப் பக்கமோ இருக்கும்போது அதை அழுத்துங்கள், மானிட்டர் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். கறுப்புத் திரையில் அழுத்தினால் ஓரம் எதுவென்று அதற்குத் தெரியாது, படம் நகர்ந்துபோகும்.

சும்மா திரும்பி வரும் நேரத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? படக்குழாய் போய்விட்டது, கதிர் போய்விட்டது, ஆனால் அந்த வெற்று நேரத்தை எச்.டி.எம்.ஐ. அப்படியே வைத்துக்கொண்டது. அந்த இடைவெளியில்தான் ஒலியைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. வி.ஜி.ஏ.யில் ஒலி போக வழியே இல்லை, ஆகவே அடாப்டர் பொட்டலத்தைப் பிரித்து 3.5 மி.மீ. துவாரத்தில் விடுகிறது. ஸ்பீக்கரை அங்கே மாட்ட வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். "சும்மா வர்ற நேரத்துல பாட்டைக் கொண்டாருதா? கெட்டிக்காரன்தான்" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

இந்தச் செய்தி தெருவில் பரவிவிட்டது. அதனால் எனக்கு இன்னும் சில பாடங்கள் கிடைத்தன.

பக்கத்து வீட்டு மாமா தன் செட்டாப் பாக்ஸைப் பழைய மானிட்டரில் மாட்டித் தரச் சொன்னார். என் அடாப்டரையே போட்டேன், திரை கறுப்பாகவே இருந்தது. அடாப்டர் கெடவில்லை. எச்.டி.சி.பி. என்றொரு பூட்டு. படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யக்கூடாது என்று அனுப்பும் கருவி எதிர்முனையிடம் அடையாளம் கேட்கும். வி.ஜி.ஏ.யில் அந்தப் பூட்டுக்கு இடமே இல்லை. ஆகவே பாதுகாக்கப்பட்ட நிகழ்ச்சிகள் வராது. மாமாவுக்கு இது விளங்கவில்லை. "உன்னுது மட்டும் வருது, எனக்கு வரலையா?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு தோழி, வி.ஜி.ஏ. மட்டும் உள்ள பழைய சி.பி.யு.வை வீட்டுப் புது டி.வி.யில் மாட்ட என் அடாப்டரைக் கேட்டாள். நடக்காது. அடாப்டர் ஒருவழிப் பாதை. டி.ஏ.சி.யைத் திருப்பிப் பிடித்தால் ஏ.டி.சி. ஆகாது. அவளுக்கு வேண்டியது வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது, அது வேறு பொருள், அதற்கு யு.எஸ்.பி. மின்சாரமும் தர வேண்டும். கடையில் கேட்கும்போது "எதிலிருந்து எதற்கு" என்று வரிசை தப்பாமல் சொல்லுங்கள்.

மின்சாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. என் வகை அடாப்டர், எச்.டி.எம்.ஐ.யின் 18-ஆம் ஊசியில் வரும் 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது. அதில் குறைந்தது 55 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்பதுதான் விதி. சில கருவிகள் அதற்குமேல் தராது. அடாப்டரின் சில்லுக்கு அது பற்றாவிட்டால் படம் வந்து வந்து போகும். அப்போது பக்கத்தில் உள்ள மைக்ரோ யு.எஸ்.பி. துவாரத்தில் பழைய போன் சார்ஜரை மாட்டினால் நிற்கும். லேசாகச் சுடுவது சகஜம்.

டைப்-சி போனை மானிட்டரில் மாட்டலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். துவாரம் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாவற்றிலும் படம் வந்துவிடாது. டிஸ்ப்ளே போர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்த போனில் இருக்க வேண்டும். மலிவு விலை போன்கள் பலவற்றில் படம் கொண்டுபோகும் அதிவேகக் கம்பிகள் துவாரத்தோடு இணைக்கப்படுவதே இல்லை, சார்ஜும் சாதாரணத் தகவலும் மட்டும் போகும். போனின் விவரப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முனை பொருந்துகிறதே என்று நான் பட்டது போதும்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி., டெல், லெனோவோ உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து, வி.ஜி.ஏ.யைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தன. 2015-க்குள் முடித்துவிடுவதாகத் திட்டம். புதிய லேப்டாப்புகளில் நீல முனை காணாமல் போனது அப்படித்தான். ஆனால் அவர்கள் கைவிட்டதால் ஏற்கெனவே செய்த மானிட்டர்கள் செத்துவிடவில்லை. பள்ளிக்கூடம், அலுவலகம், மூடிய பிரவுசிங் சென்டர் என்று எங்கெங்கோ கிடக்கின்றன, ரூ.800-க்கு.

ரிவ்யூ முடிந்தது. எங்கள் ப்ராஜெக்ட், பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் ஒரு சிறு சுற்று. அதற்கு மெல்லிய, பல நிறக் கம்பி தேவைப்பட்டது. அந்த ரூ.320 கேபிளை நீளவாக்கில் கீறி உரித்தேன். உள்ளே நல்ல செம்பு, நிறம் நிறமாக, ஒன்றரை மீட்டர் நீளத்தில். சென்ஸார் எல்லாவற்றுக்கும் போட்டதுபோக இரண்டு கம்பி மிச்சம். அதில் ஒன்றால் அப்பா தறியின் எண்ணெய்க் குப்பியைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.